பேர்கனில் ஓடும் உரும்பிராய்க் கிணறு

இந்த நோர்வே நாட்டில் ஒருவர் என்னைக் கடிந்துகொள்வதற்கு முன் நன்றி சொல்கிறார். காலையில் தேநீரோடு கணினியைத் திறந்தால் முதல் வரி, 'அனுப்பியதற்கு நன்றி.' இரண்டாவது வரி, 'இது ஏன் தேவை என்று விளங்கவில்லை.' எழுதுபவர் ஹென்ரிக். தோட்டத்து மோட்டர்களை நேரத்துக்கு ஓட்டும் ஓர் இலவச மென்பொருளுக்குப் பொறுப்பானவர்களில் ஒருவர். அந்த மென்பொருளை எவரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். திருத்தத்தைப் பாட்ச் என்பார்கள். அரைகுறையாக இருக்கும்போதே அதைப் பொதுவில் வைத்து, ஏச்சு வாங்கிச் செப்பனிடுவது இவர்கள் வழக்கம். எங்கள் ஊர் உரும்பிராயில் கட்டி முடியாத வீட்டுக்குக் கண்ணூறு, நாவூறு படாமல் வெருளிப் பொம்மை கட்டுவோம்.

எங்களுடையது பங்குக் கிணறு. பொன்னுத்துரை அண்ணை, என் மச்சான் சிவநேசன், நான் என்று மூன்று பங்கு. என் காணியிலும் மச்சானே பயிர் செய்கிறான். இறைப்பு முறை வைத்து நடக்கும். ஒருவர் முறையில் கரண்ட் போனால், திரும்ப வந்ததும் மிச்ச நேரம் அவருக்கே. அடுத்தவர் பொறுக்க வேண்டும். எங்கள் மோட்டரையும் ஓட்டும் அந்த மென்பொருளுக்கு இது தெரியாது. அதற்குப் போன நேரம் போனதுதான். அதை மாற்றச் சிறியதொரு பாட்ச் எழுதி, தலைப்பில் 'பரிசோதனைக்கு மட்டும்' என்று குறித்து அனுப்பினேன்.

"கிணற்றின் உரிமையாளர் யார்?" என்று ஹென்ரிக் கேட்டார்.

"மூன்று பேர்."

"அப்படியானால் அவர்களே பேசிக் கையால் மாற்றலாமே."

"பேசினால் சண்டை வரும்."

"அது மென்பொருளின் பிழையல்ல."

மழை ஓயாத பேர்கனில், தண்ணீருக்குச் சண்டை என்பதை நான் எப்படி விளக்குவது?

விதி சரியா என்று பார்க்க மச்சானுக்கும் அனுப்பியிருந்தேன். அவன் பார்க்கவில்லை, நேரே மோட்டரில் போட்டுவிட்டான். உறவுக்காரன் அனுப்பியது முடிந்த வேலையாகத்தானே இருக்கும். அண்ணையின் முறையில் கரண்ட் போய் வந்தது. மிச்ச நேரத் தண்ணீர், என் பாட்ச்சில் இருந்த பிழையால், பட்டியலின் கடைசிப் பெயருக்கு, அதாவது என் காணிக்கு ஓடியது.

"உவன் நோர்வேயில இருந்து எங்கடை தண்ணியைத் திருப்பிறான் எண்டு அண்ணை ஒழுங்கை முழுக்கக் கதைக்கிறார்," என்றான் மச்சான் தொலைபேசியில்.

"பரிசோதனை எண்டு எழுதினனான்."

"உன்ரை பரிசோதனைக்கு அண்ணையின்ரை மிளகாய்க் கண்டோ கிடைச்சது?"

"திருத்தி அனுப்பிறன்."

"ஒண்டும் அனுப்பாதை. இனிக் கையால போடுறம். உன்ரை முறையை நாங்கள் ரெண்டு பேரும் பிரிச்சிட்டம். அப்பதான் அந்தாள் வாய் மூடினது."

"அப்ப என்ரை காணி?"

"ஏன், நீ வந்து வெங்காயம் நடப்போறியோ?"

நடந்ததைப் பொதுவில் எழுதினேன். ஹென்ரிக் இம்முறை நன்றி சொல்லவில்லை. ஒரு வரியைச் சுட்டி, "பிழை இங்கே. நானும் கவனித்திருக்க வேண்டும்," என்று மட்டும் எழுதினார். சண்டையைக் கேட்டபின் தேவை விளங்கியதாம். திருத்தினேன், சேர்த்துக்கொண்டார்கள்.

பாட்ச் சேர்த்தால், அது சரியாக வேலை செய்கிறதா என்று தானே பார்த்துக்கொள்ளும் சோதனை ஒன்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் எங்கள் கிணற்றையே வைத்தேன், மூன்று பெயர்களோடு. இனி யார் எந்தத் திருத்தம் அனுப்பினாலும் கணினிக்குள் அந்தக் கிணறு ஒருமுறை ஓடும். அண்ணையின் முறையில் கரண்ட் போகும், வரும், மிச்சம் அவருக்கே கிடைக்கும். பிறகு மச்சான். பிறகு, தண்ணீரில்லாத அந்தக் கிணற்றில், என் முறை.