மரியாதை கூடிப்போன வீடு

சக ஆலோசகர்களே, மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் தொழில் என்று நம்பித்தான் நீங்களும் நானும் இந்த மனநல ஆலோசனையில் வந்து மாட்டிக்கொண்டோம். திருப்பதியில் என் அறை ஜன்னலுக்கு நேரே மலை. மத்தியானங்களில் மேகம் இறங்கி மலையைப் பாதி மறைத்துவிடும். எதிரே இருப்பவரின் குரல்கூட எங்கோ தூரத்திலிருந்து வருவது போலிருக்கும். இந்தச் சம்பவங்களும் அந்த மயக்கத்தோடுதான் எனக்கு ஞாபகம் வருகின்றன. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

முதல் கேள்வி

வருகிறவரின் ஊர், மொழி, சாதி, சாமி எல்லாவற்றையும் பக்குவமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். எங்கள் பக்கத்து ஜனங்கள் அதற்கு இடம் கொடுப்பதில்லை. உட்காருவதற்குள் நம்முடையதை விசாரித்து முடித்துவிடுவார்கள்.

சுனீதாவும் அப்படித்தான். சித்தூர்க்காரப் பெண், தெலுங்கு. கூட வந்திருந்த கணவர் கஜேந்திரன் வரதய்யபாளையத்துத் தமிழ் விவசாயக் குடும்பம். காதல் கல்யாணம், ஒரு சின்ன மகள். நான் வாயைத் திறக்குமுன் என் வீட்டில் என்ன மொழி என்று சுனீதா தெலுங்கில் கேட்டாள். தமிழ் என்றேன். தலைமுறை தலைமுறையாகத் திருப்பதிதான் என்றும் அவசரமாகச் சேர்த்துக்கொண்டேன். பலிக்கவில்லை. கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவள் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்:

"அப்படின்னா நீங்க ரெண்டு பேரும் ஒரு பக்கம், நான் ஒருத்தி ஒரு பக்கம்."

சண்டையில்லாத வழக்கு

மகளுக்குப் பேச்சு வரக் கொஞ்சம் தாமதமாகியிருக்கிறது. வீட்டில் ஒரே மொழி பேசினால் சரியாகும் என்று உறவினர் யாரோ சொல்ல, பள்ளிக்கூடம் எப்படியும் தெலுங்குதானே என்று கஜேந்திரன் மனைவியிடம் பேசிவந்த தமிழையும் விட்டுவிட்டார். ஊரிலிருந்து நைனா, அதாவது அவர் அப்பா, போன் செய்தால்கூடத் தெருவுக்குப் போய்த்தான் பேசுவாராம். இரண்டு மொழியால் பேச்சு தாமதமாகாது என்று விளக்கினேன். மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

மகள் இப்போது வாயாடுகிறாள். பேச்சைக் குறைத்துக்கொண்டது பெற்றவர்கள்தான். மகளைக் கூட்டிக்கொண்டு சித்தூரில் அம்மா வீட்டோடு போய்விடலாமா என்று சுனீதா யோசித்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டால் கணவர்மேல் ஒரு குறையும் சொல்லத் தெரியவில்லை. ஆள் அடையாளம் சொல்லாமல் பக்கத்து அறை டாக்டரிடம் புலம்பினேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"சண்டையும் இல்ல, குறையும் இல்லன்னா கேஸ் ரொம்ப முத்திடுச்சும்மா."

வரப்பில் வந்தவள்

அடுத்த முறை கஜேந்திரன் தனியாக வந்தார். அடிக்கடி ஒரு கனவு வருகிறது என்றார். வயல் முழுக்கத் தண்ணீர், தண்ணீர் முழுக்க வானம். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சுனீதா வரப்பில் நடந்து வருகிறாள். வழியில் பாம்பு. நில் என்று கத்த வேண்டும். வாய் திறக்கிறது, குரல் இல்லை. அவள் சிரித்தபடியே வந்துகொண்டிருக்கிறாள்.

இதையெல்லாம் மேலதிகாரியிடம் விடுப்பு கேட்பவர் போலப் பணிவான தெலுங்கில் சொன்னார். தமிழில் சொல்லுங்களேன் என்றேன். கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்:

"இங்க பேசிக்கலாமா மேடம்?"

மூட்டை கட்டிய பிறகு

அன்றைக்கு ஒரு மணி நேரம் தமிழில் கொட்டித் தீர்த்தார். அடுத்த வாரம் இருவரும் வந்தபோது சுனீதா துணிமணியை மூட்டை கட்டியிருந்தாள். மறுநாள் காலை சித்தூர் பஸ். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அந்தக் கனவை அவளிடமே தமிழில் சொல்லச் சொன்னேன். தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தார். "வாய் தொறக்குது, கொரலு வரல. நீ பாட்டுக்கு சிரிச்சிக்கினு வர்ற" என்ற இடத்தில் சுனீதா அழ ஆரம்பித்தாள். வெளியே மலை முழுதும் மறைந்துவிட்டிருந்தது. என் அறையில் அதுவரை தமிழே பேசாதவள், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடியெடுத்து அவரிடம் சொன்னாள்:

"என்னை தமிழ்ல திட்டுங்க. தெலுங்குல ரொம்ப மரியாதையா பேசறீங்க. வேற யாரோ ஆளு நம்ம வீட்டுல இருக்கிற மாதிரி பயமா இருக்கு."

கஜேந்திரன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"இன்னாத்துக்குடி அழுவுற? ஊருக்கெல்லாம் போவ வாணாம். போய் மூட்டைய பிரி."

இத்தனை வருஷம் படித்துப் பட்டத்தைச் சுவரில் மாட்டி நான் செய்த உருப்படியான சிகிச்சை, ஒரு நல்ல மனிதரைத் தன் மனைவியிடம் மறுபடி மரியாதைக் குறைவாகப் பேசவைத்ததுதான்.