ஒன்பது ஜோடியும் ஒரு நாள் காவலும்

சித்தூருக்கு வெளியே இருக்கும் ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரியின் வரிசையில் நானும் என் டிராக்டரும் நின்றது அன்றைக்கு இரண்டாம் நாள். கிளிமூக்கு மாங்காய் சீசன் வந்தால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் இதே கதிதான். எல்லாத் தோட்டத்திலும் ஒரே வாரத்தில் காய் இறங்கும். எல்லா வண்டியும் ஒரே வாரத்தில் ஃபேக்டரிக்கு வந்து, டோக்கன் வாங்கிக்கொண்டு, சாலையோரமாக ஊர் எல்லை வரைக்கும் நிற்கும். என் டோக்கன் ஐம்பத்தெட்டு.

வரிசைக்கு ஒரு சட்டம் உண்டு. முன்வண்டி நகர்ந்தால் நாமும் நகர வேண்டும். நகராவிட்டால் பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார். மூன்றாவது ஹாரனுக்கும் வண்டி அசையவில்லை என்றால் தாண்டிப் போய்விடுவார். அப்புறம் டோக்கனை நீட்டிக்கொண்டு எவ்வளவு கத்தினாலும் இடம் போனது போனதுதான். அதனால் ராத்திரி பகல் பாராமல் ஒருவர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கிடக்க வேண்டும்.

வழக்கமாக அந்த வேலை என் வீட்டுக்காரருடையது. அந்த முறை அவர் திருப்பதியில் கண் ஆஸ்பத்திரியில் இருந்தார். இடது கண் முன்பே தெரியாது, வலது கண்ணிலும் புரை முற்றிவிட்டது. ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் ரெண்டு மாசத்துக்கு முன்பே தேதி கொடுத்திருந்தார்கள். மாங்காய் எங்களைக் கேட்டுவிட்டா பழுக்கிறது? ரெண்டும் ஒரே வாரத்தில் வந்து நின்றன. தேதியை விட்டால் அடுத்தது எப்போதோ. காயை விட்டால் அழுகிப்போகும். கடைசியில் அவரைத் திருப்பதியில் இருக்கும் என் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டு, நான் டிராக்டரை எடுத்துக்கொண்டு வந்தேன்.

அந்த வரிசையில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்த பெண் நான் ஒருத்திதான். முதல் நாள் முழுக்க ஆள் மாற்றி ஆள் வந்து, "தள்ளிக்கோ அக்கா, நான் நவுத்தித் தரேன்" என்றார்கள். ஒருத்தருக்கும் இடம் கொடுக்கவில்லை. என் நைனா அடுத்தவர் தோட்டத்தில் காய் பறித்தே காலத்தைத் தள்ளியவர். எனக்கு ரெண்டு ஏக்கரும் ஒரு டிராக்டரும் இருக்கிறது. அதை நகர்த்த எனக்கு என்ன ஆள்? நாலு பேரிடம் கொஞ்சம் முகத்தில் அடித்த மாதிரியே சொல்லிவிட்டேன். அந்தத் திமிருக்கு மறுநாள் கூலி கிடைத்தது.

மறுநாள் மத்தியானம் வீட்டுக்காரர் ஃபோன் செய்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். நாளைக்குக் காலையில் ஒன்பது மணிக்குக் கட்டு அவிழ்ப்பார்களாம்.

"கட்டு அவுக்கசொல்ல நீ கிட்ட இருக்கணும்," என்றார். "உன் தங்கச்சி புருசன் மூஞ்சிலயா என்ன முழிக்க சொல்ற?"

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஒரு வருஷமாக நான் அவருக்குப் புகை மூட்டமாகத்தான் தெரிந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றால்கூடக் குரலை வைத்துத்தான் திரும்புவார். பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். போக வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்போது கேட்டில் முப்பத்தொன்றாம் வண்டி. மெஷின் நிற்காமல் ஓடினால் விடிவதற்குள் என் சரக்கு இறங்கும். முதல் பஸ்ஸைப் பிடித்து ஒன்பதுக்குள் ஓடிப்போய்ச் சேரலாம். நடுவில் ஒரு மணி நேரம் கரண்ட் போனாலும் அவ்வளவுதான். வண்டியைப் பார்த்துக்கொள்ளும்படி யாரையாவது கேட்டிருக்கலாமே என்பீர்கள். முதல் நாள் விரட்டி அடித்த வாயால் அடுத்த நாள் எப்படிக் கேட்பது? வாய் வரவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு, எனக்கு இரண்டு வண்டி பின்னால் இருந்த வாத்தியார் தன் டிரெய்லர் நிழலில் சாக்கு விரித்தார். ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியார். கூட உட்கார்ந்தது எனக்கு அடுத்த வண்டிக்காரர். அவர் டிராக்டரில் எந்நேரமும் பாட்டு அலறும் என்பதால் நாங்கள் பாட்டுக்காரர் என்றுதான் சொல்வோம். அவருக்கு ரெண்டு வண்டி. ஒன்று ஐம்பத்தொன்பது, இன்னொன்று எண்பத்து மூன்று. ரெண்டாவது வண்டியின் டிரைவர் சொந்தக்காரர் கல்யாணம் என்று கிளம்பிவிட, மனிதர் ரெண்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருந்தார். ஆள் கம்மியாக இருக்கிறது, நீயும் உட்காரு என்று வாத்தியார் என்னைக் கூப்பிட்டார்.

ஆட்டம் மூணு சீட்டு. காசு வைத்தால் போலீஸ் வந்து நிற்கும் என்று வேர்க்கடலை வைத்து ஆடினார்கள். ஆனால் அந்தக் கடலைக்கு மதிப்பு உண்டு. ஒரு கடலை என்பது ஒரு மணி நேரக் காவல். தோற்றவர் ஜெயித்தவரின் வண்டியை அத்தனை மணி நேரம் பார்த்துக்கொள்ள வேண்டும். உதவி கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து கண்டுபிடித்த ஏற்பாடு போல. எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. கேட்க வேண்டியதில்லை, ஜெயித்தால் போதும்.

முதல் நாலைந்து ஆட்டத்தில் ரெண்டு மணி நேரம் ஜெயித்தேன், மூணு மணி நேரம் தோற்றேன். வாத்தியார் எப்போதும் சீட்டைப் பார்த்த உடனே கவிழ்த்துவிடுவார். கணக்கு தெரிந்தவர் ஆயிற்றே, ஒன்றிலும் மாட்டமாட்டார்.

அப்புறம் அந்தக் கை வந்தது. எடுத்துப் பார்த்தால் ரெண்டு ஒன்பது, ஒரு ராஜா. ஒன்பது ஜோடி என்பது ரொம்பச் சங்கடமான கை. தூக்கிப் போட மனசு வராது, நம்பி இறங்கவும் தைரியம் வராது. அதைவிடப் பெரிய ஜோடி, ஒரே கலர், வரிசை, மூணும் ஒன்று என்று அடித்துப்போட எத்தனையோ இருக்கிறது. வாத்தியார் வழக்கம்போல் கவிழ்த்தார். நானும் பாட்டுக்காரரும் மாற்றி மாற்றி வைத்ததில் என் பக்கம் ஆறு கடலை போய்விட்டது. அதுவரை சீட்டைப் பார்க்காமலே ஆடிக்கொண்டிருந்த பாட்டுக்காரர் அப்போதுதான் எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, முன்னால் கிடந்த கடலையை எண்ணி இருபத்து நாலைச் சாக்கின்மேல் தள்ளினார்.

"ஒரு ரோஜு," என்றார். ஒரு முழு நாள். "நீ கெலிச்சா உன் வண்டிய நான் பாக்கறேன் அக்கா. நான் கெலிச்சா என் எண்பத்து மூணு உன்து."

இனி ரெண்டே வழி. நானும் இருபத்து நாலு வைத்து, காட்டு என்று கேட்கலாம். இல்லையென்றால் கவிழ்க்கலாம். கவிழ்த்தால் ஆறு மணி நேரக் காவலோடு போகும். எப்படியும் ராத்திரி முழிக்கப்போகிறவளுக்கு அது ஒன்றும் இல்லை. கரண்ட் போகாமல் இருந்தால் காலையில் ஓடிப்போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற ஆசையும் மிஞ்சும். கேட்டுத் தோற்றாலோ, நாளைச் சாயங்காலம் வரைக்கும் அந்த எண்பத்து மூன்றாம் வண்டிக்கு நான்தான் தாய் தகப்பன். கட்டு அவிழ்க்கிற நேரத்துக்குத் திருப்பதியை நினைத்தே பார்க்க முடியாது. ஆனால் ஜெயித்தால், இப்போதே எழுந்து பஸ் ஏறலாம்.

பாட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அந்த மனிதரைப் போன சீசனில் வீட்டுக்காரரோடு வந்தபோதே கேட்டில் வைத்துப் பார்த்திருக்கிறேன், அப்போது அவருக்குப் பின்னால்தான் எங்கள் வண்டி. சரக்கைச் சோதிக்கிற ஆள் வரும்போது அவர் ரெண்டு காரியம் செய்வார். முதல் வண்டியில் நல்ல காய். பாட்டை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கிலேயே உட்கார்ந்திருந்தார். ரெண்டாவது வண்டியில் மேலே நல்லது, அடியில் அடிபட்டது. அதற்குக் குதித்து இறங்கி, சோதிக்கிறவரின் தோளில் கை போட்டு, டீ சாப்பிடலாம் வா என்று இழுத்துக்கொண்டிருந்தார்.

இப்போது என்ன செய்தார் தெரியுமா? இருபத்து நாலு கடலையைத் தள்ளிவிட்டு, எழுந்து போய்ப் பாட்டை நிறுத்திவிட்டு வந்தார். நல்ல சரக்கு என்று நினைத்துக் கவிழ்க்கச் சீட்டைத் தாழ்த்தக்கூடத் தாழ்த்திவிட்டேன். அதே மூச்சில் மனிதர் டீக்காரரைக் கூப்பிட்டு, "அக்காக்கு ஒரு டீ குடு, பிஸ்கட்டும் குடு," என்றார்.

பாட்டை நம்புவதா, டீயை நம்புவதா? வாத்தியார் என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. முன்னால் எங்கோ ஒரு வண்டி நகர்ந்து நின்றது. பாட்டை யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் நிறுத்தலாம், காது வலித்தால்கூட நிறுத்தலாம் என்று யோசித்தேன். எனக்கு ரெண்டு நாளாக ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்காத மனிதர் பிஸ்கட் வாங்கித் தருகிறார் என்றால் அடியில் ஏதோ அழுகியிருக்கிறது. உண்மையைச் சொன்னால், யோசித்ததெல்லாம் பாதிதான். மீதிப் பாதி, திருப்பதியில் ஒரு கட்டிலில் கட்டோடு உட்கார்ந்திருந்த மனிதர்.

இருபத்து நாலு கடலையைத் தள்ளினேன். என்னிடம் அவ்வளவு இல்லை, வாத்தியார் பையிலிருந்து எட்டு எடுத்தேன்.

"காட்டு," என்றேன்.

பாட்டுக்காரர் ஒவ்வொன்றாகப் போட்டார். ஏஸ். எட்டு. இன்னொரு எட்டு. ஒன்றுமே இல்லாமல் மிரட்டுகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மனிதரிடம் எட்டு ஜோடி இருந்திருக்கிறது. என் ஒன்பதுகளை அதன் பக்கத்தில் வைத்தேன்.

பாட்டுக்காரர் என் வண்டிச் சாவிக்குக் கையை நீட்டினார். ஒரு ஆள் மூணு வண்டியை எப்படிப் பார்ப்பது என்று வாத்தியார் கேலி செய்ய, உனக்கென்ன, நீதான் ஒன்றிலும் மாட்டமாட்டாயே என்று அவர் மேலேயே பாய்ந்தார். கியர் கொஞ்சம் மக்கர் செய்யும் என்று சொல்லிவிட்டு, டீயைக் குடித்து, பிஸ்கட்டையும் விடாமல் கையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து யாரும் பார்க்காமல் சிரித்துக்கொண்டேன். ராத்திரி தங்கை வீட்டில் குளித்துவிட்டு, கட்டையாய்த் தூங்கினேன்.

காலையில் எட்டரைக்கே ஆஸ்பத்திரி. கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் என் செருப்புச் சத்தத்துக்கே திரும்பினார். நர்ஸ் கட்டை அவிழ்த்தாள். கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி ஜன்னலைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"இன்னா இப்டி கறுத்துட்ட," என்றார். உடனே, "வண்டிய யாரு பாத்துக்கினு கீறாங்க?"

நடந்ததைச் சொன்னேன். என் கையில் என்ன சீட்டு என்று கேட்டார், சொன்னேன். ஒன்பது ஜோடியை நம்பி ஒரு நாளைத் தூக்கி வைப்பார்களா, நானாக இருந்தால் அப்போதே கவிழ்த்திருப்பேன் என்று அந்தப் புதுக் கண்ணை உருட்டினார். நடுவில் நர்ஸ் புகுந்து என்னிடம் தெலுங்கில் புகார் சொன்னாள். விடிந்ததிலிருந்து அவளுக்கு இவரோடு சண்டையாம். என் வீட்டுக்காரி வரும்வரை கட்டைத் தொடக்கூடாது, நாளைக்கு வந்தால் நாளைக்கு, நாளை மறுநாள் வந்தால் அன்றைக்கு என்று கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

"இத்த நேத்தே ஃபோன்ல சொல்றதுக்கு இன்னா?" என்று கத்தினேன். "நான் பாட்டுக்கு அந்தக் கைய கவுத்துட்டு நிம்மதியா இருந்திருப்பேனே."

அவர் என்னை மேலும் கீழும் நன்றாகப் பார்த்தார்.

"நீயா?" என்றார். "நீ கவுத்திருக்க மாட்ட."