பொன்னையாவின் ஜீப்பும் பின்னால் நின்ற முனியும்

லிந்துலைக்கு மேலே, காலை பத்து மணிக்கு முன் பனி எழுந்து போகாத ஒரு தோட்டத்தின் ஆறாம் லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பொன்னையா குடியிருக்கிறார். தேயிலை பாக்டரியில் முப்பத்திரண்டு வருடம் மிசின்களைப் பார்த்துக்கொண்ட பிட்டர். பார்த்துக்கொண்டவர் என்பதுகூடப் பிழை, கேட்டுக்கொண்டவர். ஒரு மரக்குச்சியின் ஒரு நுனியை ஓடுகிற ரோலரில் வைத்து, மறு நுனியைக் காதில் வைத்துக்கொள்வார். எந்தப் பேரிங் எத்தனை நாளில் உயிரை விடும் என்று சொல்லிவிடுவார். பக்கத்துத் தோட்டத்து மிசினுக்குச் சளி பிடித்ததை இங்கிருந்தபடியே கேட்டுச் சொன்னார் என்றும் ஒரு பேச்சு உண்டு. அதை முதலில் சொன்னது அவரேதான் என்றாலும், மறுத்துச் சொல்ல இதுவரை யாரும் முன்வரவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அந்தக் காதுக்கு வேலை இல்லாமல் போயிற்று. வீட்டில் இருந்த ஒரே மிசின் தையல் மிசின். அதையும் நான்கு தடவை கழற்றிப் பூட்டிவிட்டார். ஐந்தாம் தடவை கழற்றப் போனபோது அவர் மனைவி நாகலெட்சுமி அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தங்கை வீட்டில் வைத்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் நுவரெலியாவில், கொழும்பு ஐயா ஒருவரின் விடுமுறை பங்களாவுக்குத் தண்ணீர் மோட்டார் பார்க்கப் போனார். அங்கே கராஜுக்குள் ஒரு கறுப்பு ஜீப் யானைக்குட்டி மாதிரிப் படுத்துக்கிடந்தது. வெளிநாட்டிலிருந்து இறக்கிய சொகுசு வண்டி. தோல் இருக்கை, பளபளக்கும் மரம் பதித்த உள்பக்கம், கூரையில் ஒரு கண்ணாடி ஜன்னல். ஐந்து வருடமாக ஓடவில்லை. டவுனில் இருந்து மூன்று மெக்கானிக் பாஸ்மார் வந்து பார்த்து, மூன்று பேரும் தலையைச் சொறிந்துவிட்டுப் போயிருந்தார்கள்.

“ஏலுமெண்டா நீங்களே கொண்டு போங்களன்” என்றார் ஐயா, பகிடியாக.

பொன்னையாவுக்குப் பகிடி விளங்காது. மறுநாளே கொழுந்து ஏற்றுகிற டிராக்டரோடு போய், கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

இழுத்து வந்ததை எங்கே நிறுத்துவது? லயத்துக்கு முன்னால் நிறுத்தினால் ஆறு குடும்பமும் ஜன்னல் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். பின்னால் ஒரு துண்டு நிலம் இருந்தது. அது நாகலெட்சுமியின் மரக்கறித் தோட்டம். முப்பது வருடமாக மலையில் கொழுந்தெடுத்துவிட்டு வந்து, தினமும் மிச்சமிருந்த பலத்தில் அவள் கொத்தி வைத்த மண். அவள் மலையில் இருந்து இறங்கி வந்து பார்த்தபோது, பாத்தியின் மேல் கறுப்பு ஜீப் குந்தியிருந்தது.

நாகலெட்சுமி கத்தவில்லை. தேத்தண்ணி குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

“ஆயுத பூசை அன்னிக்கி பன்னெண்டு மணிக்குள்ள இது தானா கெளம்பி ரோட்டுக்கு ஏறணும். ஏறலன்னா வட்டகொடை பழைய இரும்புக்காரனுக்குப் போன் போடுவேன்.”

“ஏறிட்டா?”

“ஏறிட்டா, சாகுற வரைக்கும் ஒங்க ஜீப்பப் பத்தி ஒரு வார்த்த பேச மாட்டேன்.”

முப்பது வருடக் கலியாண வாழ்க்கையில் பொன்னையாவுக்கு யாரும் இப்படி ஒரு வரம் தந்ததில்லை. உடனே ஒப்புக்கொண்டார்.

அடுத்த ஏழு மாதம் அந்த வீட்டில் நடந்தது குடித்தனம் என்று சொல்ல முடியாது. ஜீப்பின் வயர்களை எலி தின்றிருந்தது. தின்ற எலி நல்ல வசதியான எலி, வயரில் கூடு கட்டி மூன்று தலைமுறை பார்த்திருந்தது. ஒவ்வொரு வயராக ஒட்டினார். பூஞ்சணம் பிடித்த தோல் இருக்கைகளைக் கழற்றி வந்து அடுப்படிக்குப் பக்கத்தில் காய வைத்தார். அதனால் அந்த வருடம் ஆறாம் லயத்துக்கு வந்த விருந்தாளிகள் எல்லாம் பெரிய துரை மாதிரிச் சாய்ந்து உட்கார்ந்துதான் தேத்தண்ணி குடித்தார்கள். ஒரு கிழவி எழும்ப மனமில்லாமல் இரண்டு நாள் தங்கிவிட்டாள்.

போனில், வீடியோ ஒன்றில், ஒரு ரஷ்யாக்காரன் இதே ஜீப்பைக் கழற்றிக் காட்டுவான். அவன் பேசுவது பொன்னையாவுக்கு ஒரு சொல்லும் புரியாது. கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்பார். “வாய் பொய் சொல்லும், எஞ்சின் சொல்லாது” என்பார்.

பெரிய தலைவலி காற்றுப் பைதான். இந்த ஜாதி ஜீப்புக்கு ஸ்பிரிங் கிடையாது, நான்கு ரப்பர் பைகளில் காற்றை நிரப்பிக்கொண்டுதான் நிற்கும். எங்கேயோ காற்று கசிந்தது. பகலில் எழும்பி நிற்கிற வண்டி, விடியும்போது வயிறு மண்ணில் பட விழுந்து கிடக்கும். பக்கத்துக் காம்பராவில் இருக்கிற கந்தப்பன் கங்காணிக்கு அது நல்ல பொழுதுபோக்கு. கங்காணி வேலை போய்ப் பத்து வருடம் ஆனாலும், மேற்பார்வை பார்க்கிற பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை.

“என்னடா பொன்னையா, ஒன் ஜீப்பு இன்னிக்கும் சாஷ்டாங்கமா விழுந்து கெடக்கு. ஒன்னயவிட அதுக்குப் பக்தி கூட.”

“காத்து போவுதுண்ணே.”

“போவட்டும் போவட்டும். எல்லாருக்கும் ஒரு நாளக்கிப் போறதுதானே.”

சவர்க்காரத் தண்ணீரைப் பூசிப் பூசி, குமிழி வருகிற இடத்தைத் தேடிப் பிடித்து, கொழும்பில் இருந்து பஸ்ஸில் வந்த இரண்டு பைகளை மாற்றிப் பூட்டினார். ஆயுத பூசைக்கு நான்கு நாள் இருக்கும்போது ஜீப் முதல் தடவையாக விடியும் வரை நின்றது. பொன்னையா சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு அதைச் சுற்றி மூன்று தடவை நடந்தார். பிரதட்சணமா பரிசோதனையா என்று கந்தப்பனுக்கே விளங்கவில்லை.

பூசை நாளும் வந்தது. பொன்னையா ஜீப்பைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, நான்கு டயருக்கும் எலுமிச்சங்காய் வைத்தார். பிறகு சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். பாக்டரியில் அவர் வைத்திருந்த சட்டம் ஒன்று உண்டு: பொட்டு விடுபட்ட பாகம் கோபித்துக்கொள்ளும். ஆகவே விளக்கு, கைபிடி, கண்ணாடி, டயர் மூடி என்று ஒன்றையும் விடவில்லை. பின் பம்பரில் வரிசையாக நான்கு வட்டப் பொத்தான்கள் இருந்தன. அவை என்ன பாவம் செய்தன? அவற்றுக்கும் தாராளமாகச் சந்தனம், நடுவில் குங்குமம்.

பதினொன்றரைக்கு லயமே திரண்டுவிட்டது. சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. வண்டி உஸ்ஸென்று மூச்சு விட்டு எழும்பியது. பெண்கள் கைதட்டினார்கள். ரோட்டுக்கு ஏற வேண்டுமானால் பின்பக்கமாகத்தான் எடுக்க வேண்டும். ரிவர்ஸ் போட்டார்.

பீ என்று உள்ளே ஓர் அலறல். இடைவெளி இல்லாத, மனிதரை மிதித்துவிட்டது போன்ற அலறல். பொன்னையா பிரேக்கை மிதித்து, இறங்கி ஓடிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. மறுபடி ஏறி ரிவர்ஸ் போட்டார். மறுபடி அலறல். கீழே படுத்து வயரெல்லாம் தடவினார். எல்லாம் ஒழுங்கு.

“பொன்னையா” என்றார் கந்தப்பன் மெதுவாக, “பின்னால ஆளு நிக்குது.”

“யாருண்ணே?”

“ஒனக்குத் தெரியாத ஆளா. முப்பத்திரண்டு வருசம் பாக்டரியில ரோதமுனிக்குப் பூசை வச்சது யாரு? இன்னிக்கி அங்கிட்டு எட்டிப் பாத்தியா?”

ரோதமுனி பாக்டரிச் சக்கரங்களைக் காக்கிற சாமி. ரோதை ஓடுகிற இடத்தில் அவருக்குப் படையல் வைக்காமல் யாரும் ஸ்விட்சைத் தொடமாட்டார்கள். இன்றைக்கு ஜீப்பின் மயக்கத்தில் பொன்னையா அந்தப் பக்கம் போகவே இல்லை. முனி தேடிக்கொண்டு வந்துவிட்டார் என்றால் யாரைக் குற்றம் சொல்வது?

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். பம்பருக்குப் பின்னால் ஒரு சுருட்டைப் பற்ற வைத்து நட்டார்கள். கந்தப்பன் தன் வீட்டிலிருந்து சாராயப் போத்தல் ஒன்றைக் கொண்டு வந்து வைத்தார். அதில் கால்வாசி சீக்கிரமே குறைந்தது, முனியின் வாசனை கந்தப்பனிடம் அடித்தது. அலறல் மட்டும் நிற்கவில்லை.

நாகலெட்சுமி பின்வாசலில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மணி பன்னிரண்டுக்குப் பத்து. அவளுக்கு விஷயம் தெரியும். போன கிழமை ஈரத் துண்டு ஒன்றை அந்தப் பம்பரில்தான் உலரப் போட்டாள். பொன்னையா முன்னால் இருந்து ரிவர்ஸ் போட்டுப் பார்க்க, இதே அலறல். துண்டை எடுத்தாள், நின்றுவிட்டது. தான் முறுக்கிய வயர்தான் நிறுத்தியது என்று உள்ளே இருந்தவர் பூரித்துப்போனார். அவள் திருத்தவில்லை. ஆகவே அந்தப் பொத்தான்களை மூடினால் ஜீப்புக்குக் கண் தெரியாது, கண் தெரியாவிட்டால் கத்தும் என்பது ஆறாம் லயத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

இன்னும் பத்து நிமிடம் வாயைத் திறக்காமல் நின்றால் போதும். ஜீப் இரும்புக்குப் போகும், மண் திரும்பி வரும்.

பொன்னையா செருப்பைக் கழற்றிவிட்டு, தன் ஜீப்புக்குப் பின்னால் கை கூப்பிக்கொண்டு நின்றார். “அப்பனே, தெரியாம செஞ்சிட்டேன். என்னய வேண்ணா அடி. இந்த வண்டிய விட்டுரு.” பெரிய துரை வேலையை விட்டு நிறுத்துவேன் என்று மிரட்டிய நாளில்கூட அந்தக் கைகள் கூம்பியதில்லை.

நாகலெட்சுமி போனை இடுப்பில் செருகினாள். உள்ளே போய் ஈரத் துணியோடு வந்தாள்.

“தள்ளுங்க.”

“ஏ புள்ள, கிட்ட போவாத. முனி நிக்குது.”

“நிக்கட்டும். அவருக்கும் மூஞ்சி தொடச்சி விடுறேன்.”

நான்கு பொத்தான்களையும் அழுத்தித் துடைத்தாள். சுருட்டைப் பிடுங்கி அணைத்தாள். போத்தலைக் கந்தப்பனின் கையிலேயே திணித்தாள்.

“இப்ப எடுங்க.”

ஜீப் சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்தது. சேற்றில் ஒரு தடவை வழுக்கி, மண்ணை வாரி இறைத்து ஏறியது. பாக்டரியில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியபோது, பின்சக்கரங்கள் ரோட்டிலும் முன்சக்கரங்கள் இன்னும் ரோட்டோரத் தண்ணீர்க் கானிலும் இருந்தன. நாகலெட்சுமி அந்த நேரம் பார்த்து வானத்தில் மழை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் முனியை ஈரத் துணியால் அடித்து விரட்டினாள் என்று அன்று பின்னேரமே லிந்துலைக் கடைவீதியில் பேச்சு. தலவாக்கலை போய்ச் சேர்வதற்குள் துணி விளக்குமாறு ஆகிவிட்டது.

பொன்னையா கந்தப்பனையும் இன்னும் ஏழு பேரையும் ஏற்றிக்கொண்டு ஒரு ரவுண்டு போய், நான்கு மணிக்கு ஹார்ன் அடித்தபடி திரும்பி வந்தார். வந்து பார்த்தால், ஜீப் நின்ற இடத்தில் மண் கொத்தி, பாத்தி பிடித்து, லீக்ஸ் நாற்று வரிசை வரிசையாக நட்டிருந்தது. கடைசி நாற்றுக்கு நாகலெட்சுமி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“என்னா புள்ள இது?”

“லீக்ஸு.”

“அப்ப ஜீப்ப எங்க விடுறது?”

அவள் வாளியைக் கீழே வைத்தாள். அவரைப் பார்த்தாள். உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

“நீதானே ரோட்டுக்கு ஏறணும்ன” என்றார் பொன்னையா.

உதட்டில் வைத்த விரல் அசையவில்லை. ஜீப் அன்றிலிருந்து ரோட்டோரம், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியலில் பொன்னையா அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாகலெட்சுமி பட்டுச்சேலை கட்டி, தலையில் பூ வைத்து, அர்ச்சனைத் தட்டோடு வந்தாள். ஜீப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முன்கதவைத் திறந்து ஏறி, பெரிய துரைசாணி மாதிரிச் சாய்ந்து உட்கார்ந்து, இறம்பொடைக் கோயில் பக்கம் விரலை நீட்டினாள்.