பேதுரு விட்டுட்டுப் போன மீன்

பேதுருவுக்கு வலை கிழியக் கிழிய மீன் பட்ட கதையைப் படிப்பிக்க, இண்டைக்கு மறைக்கல்வி வகுப்புக்குப் பழைய வலை ஒண்டு கொண்டு போனன். வெறும் படத்தைக் காட்டினா எங்கட கற்பிட்டிக் கடற்கரைப் பிள்ளைகளுக்குக் கொட்டாவி வருது.

பிள்ளைகள் இருந்து படிக்கிற வாங்குகளைச் சேர்த்து வள்ளமாக்கினம். வலையில போட்ட கடதாசி மீனை எல்லாரும் சத்தம் போட்டு இழுத்தாங்க. எனக்கு நல்ல சந்தோசம்.

"இப்ப பேதுரு மாதிரி எல்லாத்தையும் விட்டுட்டு இயேசுவுக்குப் பின்னால வாங்க" எண்டுட்டு வாசல் பக்கம் நடந்தன்.

மூண்டாம் வகுப்பு ரொஷானி மட்டும் வரல்ல. கடதாசி மீனை வாங்கில வரிசையாப் பரப்பிக்கொண்டு இருந்தாள்.

"வா பிள்ளை."

"மீன் பழுதாப் போயிடும் டீச்சர். வெட்டி, உப்புப் போட்டுக் காயவைக்கோணும்."

"பேதுருவே விட்டுட்டுப் போயிட்டாரே!"

"அவர் போவார். அவருக்கு மாமி இருந்தா எண்டு போன கிழமை நீங்கதானே சொன்னீங்க. மாமி இருந்தா கட்டின மனுசியும் இருப்பா. இவ்வளவு மீனையும் அவ தனியவா வெட்டுறது?"

பொம்பிளைப் பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் போய் அவளுக்குப் பக்கத்தில இருந்தாங்க. வாசல்ல நானும் பொடியன்மாரும்தான் மிச்சம்.

'பாடத்தின் நோக்கம்: எல்லாத்தையும் விட்டுட்டு வருதல்' எண்டு என்ட கொப்பியில எழுதி வச்சிருக்கிறன். அதை இப்ப என்ன செய்யிறது எண்டு தெரிஞ்ச மறையாசிரியர்மார் யாராவது சொல்லுங்க.

நானும் இருந்து வெட்டிக் குடுத்திட்டுத்தான் வந்தன்.