சகலை காருக்கு நான் சொன்ன பெட்ரோல்

என் சகலை கார் வாங்கிய அன்று எனக்கு வயிறு எரிந்தது. இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு வரவில்லை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். சிலமலையில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கிறார். என்னைவிட ஆறு வயது இளையவர். எர்ணாகுளத்தில் யாரோ ஆசையாக வைத்திருந்த வெளிநாட்டு டர்போ பெட்ரோல் காரை வாங்கிக்கொண்டு வந்து, போடியில் என் கடை வாசலில்தான் முதலில் நிறுத்தினார். கதவைச் சாத்தினால் சத்தமே வராத கார். என் வண்டிக் கதவைச் சாத்தினால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

நான் வைத்திருப்பது வண்டி உதிரிபாகக் கடை. மாமனார் வீட்டில் வண்டி என்றால் நான்தான். ஒரு ஸ்கூட்டர் வாங்குவதென்றாலும் என்னைக் கேட்காமல் வாங்க மாட்டார்கள். அதைவிடப் பெரிய மரியாதை ஒன்றும் எனக்கு இருந்தது. மலை மேல் மாமனாருக்கு நாலு ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம். ஒவ்வொரு வருடமும் முதல் காய் எடுக்கும் முன் அங்கிருக்கும் சாமிக்குப் பொங்கல் வைப்போம். புதுப் பானையில் அரிசி போட்டு, வீட்டிலேயே வாயில் மஞ்சள் துணி கட்டிவிடுவார்கள். மாமனார் அதை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்காருவார். பானை ஏறிய வண்டி கோயில் வாசல்வரை எங்கேயும் நிற்கக் கூடாது. நின்றால், அந்த வருடம் தோட்டத்தில் எது கெட்டாலும் ஓட்டியவர் தலையில்தான் விடியும். ஒன்பது வருடமாக அந்தப் பானை என் வண்டியில்தான் போனது. ஒரு தடவைகூட நின்றதில்லை.

இந்த வருடம் மாமனார் சொன்னார்: "பெரிய மாப்ளே, இந்தத் தடவ சின்னவரு வண்டியில போயிருவமா? புது வண்டியச் சாமிகிட்டக் காட்டுன மாதிரியும் இருக்கும்."

"அதுக்கென்ன மாமா" என்று சிரித்தேன். சிரித்த வாய்க்குள் சோறு இறங்க நாலைந்து நாளானது.

மறுவாரம் சகலை கடைக்கு வந்தார். "அண்ணே, இதுக்கு எந்தப் பெட்ரோலு போடணும்? பம்புல சாதாவா ஒசத்தியாங்கிறாக. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

எழுந்து போய்ப் பெட்ரோல் மூடியைத் திறந்தேன். உள்பக்கம் ஒரு சின்ன ஸ்டிக்கர். குறைந்தது தொண்ணூற்றைந்து ஆக்டேன் என்று ஆங்கிலத்தில் தெளிவாகப் போட்டிருந்தது. டர்போ, காற்றை அமுக்கி அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். அந்த அழுத்தத்திலும் சூட்டிலும் சாதா பெட்ரோல், பிளக் பொறி போடும்வரை காத்திருக்காது. தானாகவே அங்கங்கே வெடிக்கும். ஆக்டேன் எண் கூடக் கூடப் பெட்ரோலுக்குப் பொறுமை கூடும். அவ்வளவுதான். பலர் நினைப்பதுபோல அந்த எண் வேகத்தைக் கூட்டுவதில்லை. இதையெல்லாம் கடைக்கு வருகிறவர்களுக்கு நான் சலிக்காமல் சொல்கிறவன்.

மூடியை டப்பென்று சாத்தினேன். "சாதாவே தாராளம், தம்பி. ஒசத்திங்கிறதெல்லாம் காசு பிடுங்குற சோலி" என்றேன்.

"நீங்க சொன்னாச் சரிண்ணே" என்று போய்விட்டார்.

அவர் எஞ்சின் உடைய வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. மாமனாரை வைத்துக்கொண்டு மலை ஏறும்போது அந்தக் கார் கொஞ்சம் திணற வேண்டும், பின்னால் என் வண்டி திணறாமல் வர வேண்டும், அவ்வளவுதான் ஆசை. பொங்கல் வைக்கப் போன அன்று காலையில் நான் செய்த கூத்தைக் கேளுங்கள். பம்பில் இருப்பதிலேயே ஒசத்திப் பெட்ரோலை என் வண்டிக்கு டேங்க் நிறையப் போட்டேன். டர்போ இல்லாத பழைய வண்டி. சாதாவே போதும், அதற்கு மேல் போட்டு ஒரு புண்ணியமும் இல்லை என்று என்னைவிடத் தெரிந்தவன் போடியில் கிடையாது. பொறாமை வந்தால் படித்ததெல்லாம் மறந்துபோகும்.

அடிவாரத்து முந்தலைத் தாண்டி மலை ஏறினோம். முன்னால் சகலையின் கார். அதில் மாமனார் பானையோடு, பின்சீட்டில் மாமியாரும் கொழுந்தியாளும், டிக்கி நிறைய அண்டா குண்டா. பின்னால் நானும் என் மனைவியும். நாலைந்து கொண்டை ஊசி வளைவுகள்வரை அந்தக் கார் ஜம்மென்று போனது. அப்புறம் தொய்ந்தது. இன்னும் இரண்டு வளைவு தாண்டியதும் ஓரங்கட்டி நின்றே விட்டது.

இறங்கி ஓடினேன். சகலையின் முகம் வெளிறிக் கிடந்தது. "ஏத்தத்துல அழுத்துனா டின்னுல கடலையப் போட்டுக் குலுக்குன மாதிரி சத்தம் வருதுண்ணே. மீட்டர்ல மஞ்ச வெளக்கும் எரியுது. பயந்து நிப்பாட்டிட்டேன்."

மாமனார் பானையைக் கட்டிப் பிடித்தபடி இறங்கினார். "பானை ஏறுன வண்டிய நிப்பாட்டிட்டீகளே! பெரியவரு வண்டி ஒரு வருசமாச்சும் நின்னுச்சா?" என்று கத்திவிட்டு, நேராக வந்து என் வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்தார். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு குளிர்ச்சி. அதை மறைக்கக் குனிந்து டயரைப் பார்த்தேன்.

"இந்த வருசம் காய்க்கு என்ன வரப்போகுதோ" என்று மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். கொழுந்தியாள் தன் புருசனைப் பார்க்கவே இல்லை.

"தப்பு எம்மேலதேன் மாமா" என்றார் சகலை. "அண்ணே மூடியெல்லாந் தொறந்து பாத்து, சரியாத்தேன் சொன்னாக. எனக்குத்தேன் டர்போ ஓட்டத் தெரியல."

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். எல்லாம் என் பக்கம் வந்துவிட்டது. ஆனால் இனி ஒரு வருடத்துக்குத் தண்டு அழுகினாலும், மழை தப்பினாலும், இந்த மனிதர் இப்படியே தலைகுனிந்து நிற்பார் என்பது எனக்குத் தெரிந்தது.

"தொண்ணூத்தஞ்சு போடணும்னு அதுல எழுதியிருந்துச்சு" என்றேன். "படிச்சுட்டுத்தேன் சாதா போதும்னேன். நிப்பாட்டுனது அவரில்ல, மாமா. நான்."

மாமனார் என்னையே பார்த்தார். பிறகு பானையோடு இறங்கி மறுபடியும் சகலையின் காருக்குப் போய் உட்கார்ந்தார். "எப்பிடிப் போகணும்னு அவருக்குச் சொல்லு" என்றார், மாப்ளே என்ற சொல் இல்லாமல்.

ஏசியை அணைக்கச் சொன்னேன். ஆக்சிலேட்டரை அழுத்தாமல் சின்ன கியரில் மெதுவாகப் போகச் சொன்னேன். இறங்கியதும் ஒசத்திப் பெட்ரோலே போடச் சொன்னேன். சுமை குறைய அண்டா குண்டாவையெல்லாம் என் வண்டிக்கு மாற்றினோம். சகலை எல்லாவற்றுக்கும் "சரிண்ணே" என்றார்.

மறுபடி கிளம்பி மூன்று வளைவு ஏறினோம். அப்புறம் என் மனைவி ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கார் வாங்குறதுக்கு முன்னாடி தம்பி எங்கிட்டத்தேன் கேட்டுச்சு. 'அண்ணே சங்கடப்படுவாகளா மதினி, படுவாகன்னா வேணாம்'னுச்சு. ஒங்களுக்கு அந்தப் புத்தியெல்லாங் கெடையாதுன்னு நாந்தேன் சொன்னேன்."