ரெண்டு நிமிஷ வேலை

என் தங்கை வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் எல்லோரும் ‘பூட்டுக்காரர்’ என்பார்கள். அவர் கையில் ஒரு சாவிகூட இருந்ததில்லை. கட்டடத்துக் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்ச் பெட்டிகளைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. நான் அங்கேயே சீட்டு எழுதும் கவுண்டரில் இருந்தேன்.

அந்தப் பெட்டிகள் தங்களுக்குள் பேசி ஒன்றைத் தலைவராக்கிக்கொள்ளுமாம். எது தலைவர் என்று நாம் சொல்லிவைக்காவிட்டால் பெரும்பாலும் இருப்பதிலேயே பழைய பெட்டிதான் தலைமைக்கு வரும்.

“நம்ம ஆஸ்பத்திரி மாதிரியே இருக்கே மாப்பிள்ளை!” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஒருமுறை எக்ஸ்ரே பிரிவில் யாரோ எங்கோ கழித்துப்போட்ட பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து செருக, அது தலைவராகி, அரை நாள் ஒரு நோயாளியின் ரிப்போர்ட்டும் திறக்கவில்லை. அதன் பிறகு சுவரிலுள்ள ஒவ்வொரு இணைப்புக்கும் காவல் போட்டார். வெளிப்பெட்டி தலைமைப் பேச்சை எடுத்தால் அந்த இணைப்பு தானே பூட்டிக்கொள்ளும். இவர் வந்து திறந்தால்தான் உண்டு. ஒன்றரை வருஷம் ஒரு தகராறு இல்லை. அதுவே வினையாயிற்று.

“ஒரு கம்ப்ளெயிண்ட்கூட வரல. அப்புறம் இவருக்கு என்னதான் வேலை?” என்று கூட்டத்தில் கேட்டார் புது நிர்வாகி. வேலை போகப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. தங்கைக்கு ஏழாம் மாதம். நான் மாப்பிள்ளையைத் தனியாகப் பிடித்தேன்.

“ஒரே ஒரு நாள் காவலை எடுத்துடுங்க மாப்பிள்ளை. உங்க அருமை தெரியட்டும்.”

“எக்ஸ்ரேக்கு வந்தவங்க என்ன பாவம் பண்ணாங்க மச்சான்?”

இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது!

வியாழக்கிழமை காலை நிர்வாகி அறையிலிருந்தே அழைப்பு. பிரிண்டர் ஓடவில்லை. நானும் கூடப் போனேன். மாப்பிள்ளை மேசைக்கு அடியில் கையை விட்டு, பிரிண்டர் வயர் செருகியிருந்த, தூசி படிந்த ஸ்விட்ச் பெட்டி ஒன்றை வெளியே எடுத்தார்.

“இது யாருது சார்?”

“என்னோடதுதான். பழைய ஆபீஸ்ல கழிச்சுவிட்டாங்க, வீட்ல சும்மா கிடந்துச்சு. ஏன்?”

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. நிர்வாகி வசமாக மாட்டினார், மாப்பிள்ளை இப்போது நாலு வார்த்தை கேட்பார் என்று பார்த்தேன். அவரோ, பிரிண்டர் வயரைப் பக்கத்தில் காலியாக இருந்த இணைப்பில் செருகினார். பூட்டிக்கொண்ட இணைப்பைத் தன் லேப்டாப்பில் திறந்துவிட்டார். அதுவரை காத்திருந்த பிரிண்டர் ஒரு தாளைத் தள்ளியது. பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையே அதை எடுத்தார். மேலே அவருடைய பெயர். கீழே, ‘தங்கள் சேவை இனித் தேவையில்லை.’

நிர்வாகி கடிகாரத்தைப் பார்த்தார்.

“பாத்தீங்களா, ரெண்டு நிமிஷ வேலை. இதுக்கு மாசம் முழுக்க ஒரு ஆளா?”

மாப்பிள்ளை பேனா கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். எனக்குத்தான் கண் கலங்கியது. அவர் அந்தப் பழைய பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

“இதை மட்டும் நான் எடுத்துட்டுப் போறேன் சார்.”