அக்காவின் வேப்பங்கட்டை

எங்கள் அபார்ட்மெண்டில் என் கார் நிற்கும் இடத்தில் முன்பு ஒரு வேப்பமரம் இருந்தது. அயனம்பாக்கத்தில் தங்கள் மனையைக் கட்டடக்காரரிடம் கொடுத்துவிட்டு, அதில் எழும்பிய இந்தக் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு வீடு வாங்கிக்கொண்ட அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். வெள்ளிதோறும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஆடியில் கூழ் படைத்த மரம். அவருக்கு அது அம்மன். வெட்டிய அன்று ஒரு கட்டையை மட்டும் எடுத்து, மஞ்சள் துணியில் சுற்றிப் பூஜை அலமாரியில் வைத்திருந்தார். வண்டியை நிறுத்தும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். வெட்டியது நானில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

ஒரு நாள் அந்தத் துணியைப் பிரித்துக் காட்டினார். வண்டு துளைத்துக் கட்டையிலிருந்து மாவாகக் கொட்டியிருந்தது.

"உளுத்துக்கினே போவுதுமா. இதுவும் பூட்டா எனுக்கு இன்னா கீது?"

அம்பத்தூர் எஸ்டேட்டில், தொழிற்சாலைகளுக்குப் பீங்கான் பாகங்கள் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. என் வாய் சும்மா இருக்குமா? "குடுங்கக்கா, கல்லு மாதிரி மாத்தித் தர்றேன். வரி வரியா இதே மரமா இருக்கும். காலத்துக்கும் ஒண்ணும் ஆகாது" என்றேன். அக்கா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

சொன்னதில் பொய் இல்லை. காற்றை உறிஞ்சி வெளியேற்றிய உலையில் சிலிக்கானை ஆவியாகும்வரை சூடேற்றினால், அந்த ஆவி கரியின் நுண்துளைகளுக்குள் புகுந்து கரியோடு சேர்ந்துவிடும். சாணைக்கல்லில் இருக்கும் அதே சரக்காக, மரத்தின் ரேகை கலையாமல் அது மாறிவிடும். கரி என்றேன் அல்லவா, அந்த ஒரு சொல்லைத்தான் அக்காவிடம் விழுங்கிவிட்டேன். மரத்தை முதலில் கரியாக்க வேண்டும். உங்கள் அம்மனை எரிக்கப் போகிறேன் என்று சொன்னால் கட்டையைத் தரமாட்டார். அது தெரிந்தேதான் சொல்லவில்லை.

முதலாளியிடம் சோதனைத் துண்டு என்று சொல்லி, வேறு வேலைகளோடு சேர்த்து உலையில் வைத்தேன். வெளியே எடுத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. கிளை பிரிந்த முடிச்சு அப்படியே இருந்தது. வண்டு போட்ட ஓட்டைகூட இருந்தது.

அன்று மாலையே கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார். கீழே வைத்தபோது பாத்திரம்போல டங்கென்றது.

"சின்னதாயிடுச்சேமா."

"சுருங்கும்க்கா."

"எரிச்சியா?"

மழுப்பத்தான் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை. "ஆமாக்கா. எரிச்சுக் கரியாக்கினாத்தான் இப்படி மாறும்."

அவர் கத்தவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எழுந்து உள்ளே போய், அந்த மஞ்சள் துணியை எடுத்துவந்து மடியில் விரித்தார்.

"சரி, சாம்பலக் குடு. ஏரில கரைச்சிட்டு வந்துர்றேன்."

காற்றில்லாமல் சுட்டால் சாம்பல் வராது. புகைதான் வரும். அது உலைக் கதவில் தாராகப் படியும். அதை நான்தான் பழந்துணியால் அழுத்தித் துடைத்தேன். துடைத்த துணியைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுக் கை கழுவினேன்.

அக்கா துணியை விரித்தபடியே உட்கார்ந்திருந்தார்.